அலசின வலை

பிரியமானவங்களே, யோவான் 14:15 நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்." கற்பனைன்னா இங்க கட்டளை. ஆனா சண்டே ஸ்கூல் நாள்ல இருந்து என் காதுல நின்னதெல்லாம் பின்பாதிதான், கைக்கொள்ளு, கைக்கொள்ளு, இல்லாட்டி ஆண்டவர் அடிப்பாரு. முன்பாதி காதுல ஏறவே இல்ல.

ஈஸ்டருக்கு முன்னால வர்ற லெந்து காலத்துல ஒரு தடவ 40 நாளும் உபவாசம் இருந்தேன், ஒரு ஆராதனைய விடல, எல்லாம் எதுக்குன்னா எம்மகளுக்கு ஒரு காரியம் நடக்கணும், அது நடக்கலன்ன உடனே முழங்கால்ல இருந்துகிட்டே அவர்கிட்ட சண்டை போட்டேன், "இவ்வளவு செஞ்சேனே ஆண்டவரே"ன்னு. வாயில இருந்து அந்த வார்த்தை வந்த பிறகுதான் பக்குனு இருந்துச்சு. இத்தன நாளா கூலிக்கு வேலை பாத்திருக்கேன், இப்ப கூலி கேட்டு நிக்கிறேன்.

இயேசுவோட சீஷரான மீனவர் பேதுருவ பாருங்க. லூக்கா 5, கெனேசரேத்துக் கடலோரம். ராத்திரி பூரா மீன்பாடு இல்ல, கரைக்கு வந்து வலைய அலசிட்டு இருக்காங்க. வலை அலசுறத பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கண்ணி கண்ணியா பாசிய எடுக்கணும், சிக்குன குப்பைய பிரிக்கணும், விரல் ஊறிப்போயிரும், அத முடிச்சாச்சுன்னா அன்னைக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல தச்சரான இயேசு வந்து ஆழத்துல போய் வலைய போடுன்னா மறுபடியும் போகணும், மறுபடியும் அலசணும்! பேதுரு தன் அலுப்ப மறைக்கல, ராமுழுக்க பிரயாசப்பட்டோம் ஒண்ணும் அகப்படலன்னு சொல்லிட்டு, அடுத்து ஒரு வார்த்தை சொல்றாரு, "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்." அந்த "ஆகிலும்" எனக்கு ரொம்ப பிடிக்கும். மீன் கிடைக்கும்னு கணக்கு போட்ட ஆள் சொல்ற வார்த்தையா அது?

அப்படிப்பட்டவருதான், இயேசுவ பிடிச்சுட்டுப் போன ராத்திரி, பிரதான ஆசாரியன் வீட்டு முத்தத்துல, ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டதுக்கே பயந்து, அந்த ஆள எனக்குத் தெரியாதுன்னுட்டாரு. அங்க குளிருக்கு கரிநெருப்பு போட்டிருந்தாங்க. யோவான் தன் சுவிசேஷத்துல கரிநெருப்ப சொல்றது ரெண்டே இடத்துலதான், 18ல இது, 21ல திபேரியா கடற்கரையில உயிர்த்தெழுந்த இயேசு மீன் சுட்டு வச்சிருக்கிற நெருப்பு. அந்தப் புகை வாசனை மூக்குல ஏறும்போது பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன்.

ஆண்டவர் முதல்ல சாப்பாடு குடுத்தாரு. இனிமே மறுதலிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்படியெல்லாம் கேக்கல. "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" மூணு தடவையும் கேட்டது அன்பப் பத்திதான், மூணாவது தடவ பேதுரு துக்கப்பட்டுட்டாரு. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னாலதான் வேலைய குடுக்குறாரு, என் ஆடுகளை மேய். அன்ப கேட்டுட்டுத்தான் ஆட்ட ஒப்படைச்சாரு, நாமதான் பிள்ளைங்களுக்கு இத தலைகீழா சொல்லிக்குடுத்துட்டு இருக்கோம், எனக்கு அதுதான் வேதனையா இருக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு அப்போஸ்தலர் 5ல அதே பேதுரு மத்த அப்போஸ்தலரோட, இயேசு பேர்ல போதிக்கக்கூடாதுன்னு தடுத்த யூத ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னாடி நிக்கிறாரு, மனுஷருக்குக் கீழ்ப்படியிறதவிட தேவனுக்குக் கீழ்ப்படியிறதுதான் அவசியம்னு முகத்துக்கு நேரா சொல்றாரு. அடிச்சு அனுப்புறாங்க. அந்த முதுகு வலியோட வெளிய வந்தவங்க, இயேசு நாமத்துக்காக அவமானப்படக் கிடைச்சுதேன்னு சந்தோஷமா போனாங்கன்னு எழுதியிருக்கு.