தொட்டும் தொடாமலும்

அன்பர்களுக்கு வணக்கம்.

கொழும்பு கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். வருட மதிப்பீட்டில் மேலாளர், 'இன்னும் டாக்ட்ஃபுல்லாக நடக்க வேண்டும்' என்று எழுதிவிட்டாராம். "என்னைத் தந்திரக்காரனாகச் சொல்கிறார், அண்ணை" என்றார்.

தந்திரம் என்ற பொருளில் வழங்கும் டாக்டிக்ஸ் என்ற சொல் செய்த வேலை இது. டாக்ட்ஃபுல்லில் உள்ள டாக்டும் இந்த டாக்டிக்ஸும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரித் தெரியும், சொந்தமே இல்லை. டாக்டிக்ஸ் கிரேக்கம். படையை ஒழுங்காக நிறுத்துவதில் பிறந்தது. டாக்ட் லத்தீன். 'டாங்கெரே' என்றால் தொடுவது. கான்டாக்ட் என்கிறோமே, அதற்கும் அதே வேர்தான். ஆங்கிலத்திலும் முதலில் டாக்ட் என்றால் வெறும் தொடுகைதான். பிறர் மனம் நோகாமல் பழகுவது என்ற பொருள் 1800ஐ ஒட்டிப் பிரெஞ்சு வழியாக வந்தது. டாக்ட்ஃபுல் அதற்கும் பின்னால்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்துவிட்டதா என்று விரலால் மெல்ல அமத்திப் பார்ப்போம் அல்லவா? பதமும் தெரிய வேண்டும், பழமும் கன்றக் கூடாது. அந்த விரல்தான் டாக்ட்.

நம்மவர் இதைக் கண்ணிடம் கொடுத்தார்கள். இங்கிதம் என்பது வடமொழியில் மனக்கருத்தைக் காட்டும் மெய்ப்பாடு. திருக்குறளில் 71ஆம் அதிகாரமும் குறிப்பறிதல், 110ஆம் அதிகாரமும் குறிப்பறிதல். முன்னது அரசனின் முகம் பார்க்கும் அமைச்சருக்கு, பின்னது காதலருக்கு. இரண்டு இடத்திலும் பிழைவிட்டால் சேதம் பெரிதுதான்!

டிப்ளோமட்டிக் என்பதையும் பலர் இதே பொருளில் சொல்கிறார்கள். அதன் மூலம் 'டிப்ளோமா', மடித்த ஓலை. சுவரில் மாட்டும் டிப்ளோமாவும் அதுவேதான். அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் காரியவாசம் அடிக்கிறது. டாக்ட்ஃபுல்லில் அது இல்லை. டிஸ்க்ரீட் என்றால் இரகசியத்தை வெளியில் விடாதவர். அது வேறு குணம்.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம். "அப்படி என்ன செய்தீர்?" என்று கேட்டேன். மேலாளரின் கணக்கில் பிழை இருந்ததாம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

"பிழை பிழைதானே, அண்ணை?"

"பிழைதான். முடிந்த பிறகு தனியே சொல்லியிருக்கலாம்."

"அதற்குள் அந்தக் கணக்கு நிறைவேறியிருக்குமே?"

எனக்கு வாயடைத்துவிட்டது. மேசைக்குக் கீழால் ஒரு துண்டு எழுதி நீட்டியிருக்கலாமே என்பது, வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் தோன்றியது.