பழைய தவணையின் மேல் புதிய தவணை

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளம் வடிந்த வீட்டு வாசலில் துணிமணியோடு ஒரு தவணைப் புத்தகமும் வெயிலில் காய்வதைப் பார்த்திருக்கிறேன். ஊறி உப்பிப் பக்கங்களெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே சேறு அப்பிய தையல் இயந்திரம். அதை வாங்கத்தான் அந்தக் கடன். இயந்திரம் ஓடாது. தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நுண்கடன், அதாவது ஏழைகளுக்குத் தொழில் செய்யத் தரும் சிறுகடன், என்றதும் வங்கதேசத்து முகமது யூனுஸும் அவர் தொடங்கிய கிராமின் வங்கியும் 2006 நோபல் பரிசும் நினைவுக்கு வரும். அந்த வங்கி தடுக்கி விழுந்த கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1998-இல் அந்நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தில் மூழ்கியது. தண்ணீர் வடியவே இரண்டு மாதத்துக்கு மேலானது. வீடும் பொருளும் இழந்தவர்களுக்கு, தொழிலை மறுபடி தொடங்கவும் வீட்டைக் கட்டவும் வங்கி புதுக்கடன் கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய கடன் அப்படியே இருந்தது. இரண்டு தவணையும் சேர்ந்தபோது கட்ட முடியவில்லை. முகம் காட்டக் கூச்சப்பட்டோ என்னவோ, கடன் வாங்கிய பெண்கள் தவணை கட்டும் வாராந்தரக் கூட்டத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். வசூல் சரிந்தது. கடைசியில் வங்கி தன் முறையையே மாற்றி, 2002-க்குள் எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோனது. கட்ட முடியாதவருக்குத் தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டினார்கள். வழக்கமான கடனை நெடுஞ்சாலை என்றும், இதை அதிலிருந்து பிரிந்து பின்பு வந்து சேரும் மாற்றுப்பாதை என்றும் யூனுஸ் விளக்கினார்.

குழுக்கடனில் ஈடு கிடையாது, ஒருவருக்கு இன்னொருவர்தான் பொறுப்பு. ஐந்து பேர் குழுவில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்ற நான்கு பேர் தாங்குவார்கள். ஐந்து பேர் வீட்டிலும் ஒரே இரவில் தண்ணீர் புகுந்தால் யார் யாரைத் தாங்குவது? வாடிக்கையாளர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே! முப்பது பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் துணி தைக்கக் கொடுப்பவர் யார் என்றும் யோசிக்க வேண்டும்.

அதனால் வெள்ளம் வடிந்த முதல் சில வாரங்களுக்குக் கடன் பேச்சே கூடாது என்பது என் கட்சி. சாப்பாட்டுக்கும் கூரைக்கும் திருப்பிக் கேட்காத உதவிதான் வேண்டும். குழுவில் போட்ட சேமிப்பையாவது உடனே எடுக்க விட வேண்டும். கடன் பாக்கி இருக்கிறது என்று அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு; கேட்டால் விதிமுறை என்பார்கள். சொந்தக் காசு கைக்கு வராதபோதுதான் ஆள் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்.

பிறகு கடன் தரலாம், தாராளமாக. தையல் இயந்திரம் முதல் வாரத்திலேயே நாலு காசு பார்க்க வைக்கும். சினைமாடு அப்படியல்ல, கன்று போட்டால்தான் பால். இரண்டுக்கும் அடுத்த வாரமே முதல் தவணை என்று அச்சடித்த தாளை நீட்டுகிறவர், மாடு எத்தனை மாதச் சினை என்று கேட்டுவிட்டுத் தேதியை எழுதட்டும்.