கேட்டவரை அடக்காதீர்கள், பதில் சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சபையாரே, வணக்கம்.

விசுவாசத்துக்கு அழகு கேள்விக்குப் பதில் சொல்வதா, கேள்வியே கேட்காமல் நம்புவதா? பதில் சொல்வதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இயேசுவின் சீஷரான தோமாவைப் பிடித்துக்கொண்டார். "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்று இயேசுவே சொன்ன பிறகு கேள்வி எதற்கு என்றார். ஐயா, அது யோவான் 20-ஆம் அதிகாரத்தின் 29-ஆம் வசனம். 26-ஐயும் 27-ஐயும் ஏன் தாண்டிப் போனீர்கள்? உயிர்த்தெழுந்த இயேசுவின் ஆணித் தழும்பைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா சொல்லி எட்டு நாள் ஆனபிறகும் அவர் சீஷர்களோடுதான் இருக்கிறார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. பூட்டிய வீட்டுக்குள் வந்த ஆண்டவர் சமாதானம் சொன்ன கையோடு தோமாவிடம் திரும்பி, விரலை நீட்டித் தழும்பைப் பார் என்கிறார். முதலில் ஆதாரம், அப்புறம்தான் கண்டிப்பு. "என் ஆண்டவரே, என் தேவனே" என்ற அறிக்கை வந்தது, கேள்வி கேட்ட அதே வாயிலிருந்து! அவர் பெயரைத்தான் இன்று மயிலாப்பூர் சாந்தோம் பேராலயம் தாங்கி நிற்கிறது.

இன்னொரு சீஷரான பேதுரு தம் கடிதத்தில் இன்னும் தெளிவாக எழுதுகிறார். நம் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். இது அறிவுஜீவிகளுக்கு மட்டும் எழுதிய கடிதம் அல்ல.

இனி, எல்லாவற்றிலும் கனமான கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களைச் சுனாமி அலை வாரிக்கொண்டு போனது. நல்ல கடவுள் இருந்தால் இது ஏன்? பாவத்துக்குத் தண்டனை என்று சொன்னவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்கிற பேச்சா அது? சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே மறுக்கிறார். லூக்கா 13-ஐப் பாருங்கள். குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பாருங்கள். அவர் கடவுளிடம் முறையிட்டார், வாதாடினார். கடவுளுக்காகப் பரிந்து பேசிய மூன்று நண்பர்கள்மேல்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம் மூண்டது.

ஆனால், "ஏன்" என்பதற்கான காரணம் யோபுவுக்கும் சொல்லப்படவில்லை. முழு விடை என் பையில் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அழுகிறவர் பக்கத்தில் உட்காருவதும் பதில்தான். கிறிஸ்தவன் ஒன்றை மட்டும் துணிந்து சொல்லலாம்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று நம் ஆண்டவரே சிலுவையில் கேட்டார். அந்த வாயையும் பொத்துவீர்களா?

படைப்பா, அறிவியலா என்று பிள்ளைகள் கேட்டால் பயப்படாதீர்கள். வானத்தையும் பூமியையும் பற்றி விசுவாசி அறியாமல் உளறினால் வேதத்துக்கே இழுக்கு என்று படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் அந்தக் காலத்திலேயே எச்சரித்துவிட்டார்.

எதிரணியிடம் நான் கேட்க வேண்டியது வேறு. "எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்கிறீர்களே, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கமும் நடுவில் சுவரும் ஏன்?" என்று நம் வாலிபன் ஒருவன் கேட்கிறான். 1833-லேயே கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டார். அதை ஏற்காமல் சபையை விட்டே போனவர்கள் உண்டு. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை வாரந்தோறும் வாசிக்கத் தெரிந்த நாம், இந்தப் பையனிடம் "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்றால் காப்பாற்றப்படுவது விசுவாசமா, அந்தச் சுவரா?

எதிரணியினர் அடுத்து எழும்போது அவனுக்கு என்ன பதில் என்று சொல்லட்டும். அதைக் கேட்டபிறகு தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.