விக்டோரியா டாக்கில் நின்றவர்கள்

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டுவார்கள், துண்டறிக்கை கொடுப்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஏன் இந்தத் தேதி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. இங்கிலாந்திலிருந்து கிளம்பும்போதே சுமார் 1,400 டன் வெடிபொருள், போர் விமானங்கள், தங்கக் கட்டிகள் எல்லாம் அதில் இருந்தன. வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளை வேறு ஏற்றினார்கள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்ற அமைதிக் காலமாக இருந்தால் யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். கப்பல் பற்றாக்குறை, அவசரம், போர். அபாயச் சரக்கு இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடிகூட அன்று ஏற்றப்படவில்லை.

மதியம் இரண்டு மணிவாக்கில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை வந்தது. பம்பாய் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். சிப்பாய்கள் அல்ல, நகரத்துத் தீயணைப்பு ஊழியர்கள். புகைமூட்டத்தில் தீ எங்கே பிடித்திருக்கிறது என்றே அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஞ்சுத் தீயின் குணம் அப்படி. மேலே அணைந்தது போலிருக்கும், பொதிக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும். தண்ணீரை இறைக்க இறைக்க, எரிகிற பொதிகள் மிதந்து மேல்தட்டில் இருந்த வெடிமருந்தை நெருங்கின. கப்பலை வெளியே இழுத்துப் போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று அதிகாரிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எது என்று முடிவு செய்ய ஒரே ஒரு ஆள் இல்லை. எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் இதுதான்.

3.50-க்குக் கப்பலைவிட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. 4.06-க்குக் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. சுமார் அரை மணி நேரத்தில் இன்னொரு வெடிப்பு. அதிர்ச்சி தொலைவில் சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில்கூடப் பதிவானது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஊழியர்கள், தொழிலாளர்கள், பொதுமக்கள் என்று மொத்தச் சாவு 800 முதல் 1,300 வரை இருக்கும் என்கிறார்கள். சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மறுநாளே ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி இதை விவரமாக ஒலிபரப்பிவிட்டது. இங்கோ தணிக்கை. நிருபர்கள் செய்தியை வெளியே அனுப்ப மே இரண்டாம் வாரம்தான் அனுமதி கிடைத்தது. இறந்தவர்களின் சொந்த நாட்டில் அவர்களின் சாவு ஏறக்குறைய ஒரு மாதம் ராணுவ ரகசியமாக இருந்தது.

செய்தி வெளிவந்த பிறகும் ஊர் பேசியது தங்கத்தைப் பற்றித்தான். எவர் வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு கட்டி விழுந்தது, தூர் வாரும்போது எத்தனை கிடைத்தது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் கதை. அந்த 66 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நமக்கு வாய் வராது. மும்பை பைகுல்லாவில் தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. மும்பை போகிறவர்கள் கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்த்த கையோடு அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

லண்டனிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. போர் தொடங்கிய புதிதில், குண்டு விழாத மாதங்களில், அங்கே துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்தவர்களை ராணுவத்துக்குப் பயந்து ஒளிந்தவர்கள் என்று கேலி செய்தார்கள். 1940 செப்டம்பரில் குண்டுமழை தொடங்கியதும் பேச்சு மாறியது. 1941 ஏப்ரலில் ஒரே இரவில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் மட்டும் தீயணைப்புப் படையினர் 34 பேர் பலியானார்கள், அதில் இருவர் பெண்கள். ஆனால் புனித பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் போர்க்காலத் தீயணைப்பு வீரர்களுக்குச் சின்னம் எழும்ப 1991 ஆகிவிட்டது.

இன்று டாங்கர் லாரிகளின் பின்னால், உள்ளே இருக்கும் ரசாயனத்தின் எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். தீயணைக்க வருகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது. உங்கள் தெருவில் எங்காவது தீ என்று 101-ஐ அழைத்தால், முகவரியோடு நிறுத்தாதீர்கள். அது பெயின்ட் கிடங்கா, பட்டாசா, சிலிண்டரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நன்றி.