தெருவுக்கு முழுப் பெயர் வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் நமக்காக மாலையை ஒதுக்கி வந்திருக்கும் கன்னடப் பேராசிரியர் அவர்களே, இந்த அரங்கத்துக்கு மின்விசிறியும் ஒலிபெருக்கியும் தந்த வள்ளல் பெருமக்களே, எனக்கு முன் இனிக்க இனிக்கக் குறள் சொன்ன குழந்தைகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல்காரப் பெரியோர்களே! இன்றைய பொருளில் நான் சொல்லப்போகும் எதுவும் உங்கள் கால்கள் அறியாதது அல்ல. சிவாஜிநகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் என்று மூன்று பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். முகவரிக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி தமிழில் இல்லை. முதல் வரியில் ஓர் எழுத்து விட்டுப்போனால் கடைசி வரியில் பின்கோடு சரியாக இருந்தும் கடிதம் வேறு வாசலுக்குப் போகும். பெங்களூர்த் தெருப் பெயர்களைப் பற்றி ஐந்து செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, பேட்டை. இரண்டு, படை. மூன்று, கணக்கு. நான்கு, மரம். ஐந்து, முதலெழுத்து. ஐந்தாவதுக்காகத்தான் இந்த மேடையே ஏறினேன் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

பேட்டை பற்றிப் பேராசிரியர் முன்னிலையில் நான் விரிவாகப் பேசுவது முறையல்ல. கெம்பே கவுடர் 1537இல் எழுப்பிய ஊரில் தெருவின் பெயரே அங்கே நடக்கும் தொழிலைச் சொன்னது. அக்கிபேட்டே என்றால் அரிசி. அரளேபேட்டே என்றால் பஞ்சு, அதுதான் காட்டன்பேட்டை ஆயிற்று. கும்பாரபேட்டே குயவர்களுக்கு, காணிகரபேட்டே செக்கு ஆட்டுகிறவர்களுக்கு. பெரிய பேட்டை என்று பொருள்பட்ட தொட்டபேட்டே இன்று அவென்யூ ரோடு. முதற்பெயர் போனதும், தெரு எதற்குப் பெரியது என்கிற செய்தியும் கூடவே போய்விட்டது.

இரண்டாவது, படை. 1809இல் கண்டோன்மென்ட், அதாவது ஆங்கிலேயர் படைக் குடியிருப்பு, அமைந்தது. காலாட்படைக்கு இன்ஃபன்ட்ரி ரோடு, குதிரைப்படைக்கு கேவல்ரி ரோடு. அந்தக் குதிரைப்படைச் சாலைதான் இன்று நம் காமராஜ் ரோடு. இங்கே அல்சூர் ஏரியை ஒட்டி அசாயி ரோடு என்றும் மீனி அவென்யூ என்றும் இரண்டு பெயர்கள் உண்டு. மீனி என்றதும் மீனாட்சியின் சுருக்கமோ என்று நினைக்க வேண்டாம். இரண்டும் போர்க்களங்கள். அசாயி 1803இல் மராட்டிய மண்ணில் நடந்த போர், மீனி 1843இல் சிந்துவில் நடந்த போர். இரண்டிலும் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை நின்றது. அந்தப் படையின் வீரனுக்குச் செல்லப்பெயரே ‘தம்பி’. நம் ஊர்த் தம்பிமார் பாலம் கட்டியும் பள்ளம் தோண்டியும் பெற்ற பெயர்கள் அவை. அந்தத் தெருவில் நடக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒரு பலகை இல்லை.

சிவாஜிநகர்ப் பக்கம் மெயின் கார்டு கிராஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது. இதில் மெயினும் உண்டு, கிராஸும் உண்டு. ஆனால் நாம் அடுத்துப் பேசப்போகும் மெயின் கிராஸ் இது இல்லை. மெயின் கார்டு என்பது படையின் தலைமைக் காவல். புதிதாக வருகிறவர் இதை ‘மெயின்’, ‘கார்டு கிராஸ்’ என்று உடைத்து எழுதுகிறார். அடுத்தவர் ‘கார்டன் கிராஸ்’ என்று திருத்துகிறார். முதல் கோணல் முற்றும் கோணல்.

மூன்றாவது, கணக்கு. வேறு ஊர்களில் தெருவின் கடைசிச் சொல் தெரு, சாலை, சந்து, வீதி என்று முடியும். பெங்களூரில் மெயின் என்றும் கிராஸ் என்றும் முடிகிறது. 1898இல் பிளேக் நோய் வந்த காலத்தை ஒட்டி மல்லேஸ்வரமும் பசவனகுடியும் நூல் பிடித்தது போல வகுக்கப்பட்டன. ஒரு திசையில் ஓடுவது மெயின், அதை வெட்டிப் போவது கிராஸ். சொல்லப்போனால் இது நல்ல ஏற்பாடு. எட்டாவது கிராஸில் நிற்கிறவனுக்குப் பதினைந்தாவது கிராஸ் எத்தனை தெரு தள்ளி என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கோளாறு எங்கே வருகிறதென்றால், ஒவ்வொரு லேஅவுட்டும், அதாவது மனை வகுத்த ஒவ்வொரு குடியிருப்பும், ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்ததில். இடையில் புதுத் தெரு திறந்தால் 6-ஏ, 6-பி என்று எழுத்து ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மேலே பிளாக், ஸ்டேஜ், ஃபேஸ் என்று லேஅவுட்டுக்குள் பிரிவுகள்.

வடிவக் கணக்கும் இருக்கிறது. வி.வி.புரத்தில் டயகனல் ரோடு, அதாவது மூலைவிட்டம். ஹை கிரவுண்ட்ஸில் கிரசென்ட் ரோடு, பிறை வடிவம். குமாரா பார்க்கில் செர்பன்டைன் ரோடு, பாம்பாய் வளைவது. மேற்கே கார்ட் ரோடு. இந்த ‘கார்ட்’ அட்டையும் இல்லை, வண்டியும் இல்லை. வட்டத்தில் இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டுக்கு நம் பாடப்புத்தகம் நாண் என்று சொல்கிறதே, அந்த நாண். தும்கூர் சாலைப் பக்கத்தையும் மாகடி சாலையையும் ஊருக்குள் நுழையாமல் இணைப்பதால் நாண். அதற்கு மேற்கே இருக்கிற குடியிருப்புக்கு வெஸ்ட் ஆஃப் கார்ட் ரோடு என்றே பெயர்! திசையே ஊராகிவிட்டது. முருகேஷ்பாள்யாவில் விண்ட் டனல் ரோடு, விமான ஆராய்ச்சிக் கூடத்தின் காற்றுச் சுரங்கத்தால் வந்த பெயர். ரயில் நிலையத்தருகே பிளாட்ஃபார்ம் ரோடு.

இந்த இடத்தில் ஒரு கதை. நடந்ததாகச் சொல்லவில்லை, நடக்கக்கூடியது. வேலூரிலிருந்து ஒரு தாய்மாமன் வருகிறார். தங்கை மகளுக்குக் கல்யாணம். கையில் சீர்த்தட்டு, பட்டுப்புடவை, மடியில் கட்டிய நகை. பத்திரிகையில் மண்டபத்தின் முகவரி ‘3வது மெயின், 6வது கிராஸ், 2வது ஸ்டேஜ், பெங்களூர்’. முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது. ஆறு மணிக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கிறார். டிரைவர் நல்ல மனிதர். ‘செகண்ட் ஸ்டேஜா, இந்திராநகர்தான்’ என்று எச்.ஏ.எல். செகண்ட் ஸ்டேஜுக்குக் கொண்டுபோகிறார். அங்கே மண்டபம் இல்லை, ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. காவலாளி சொல்கிறார், ‘கல்யாண மண்டபமா, பனசங்கரி செகண்ட் ஸ்டேஜாக இருக்கும்’. கிழக்கிலிருந்து தெற்குக்கு ஓடுகிறார்கள். மணி எட்டு. அங்கே மண்டபம் இருக்கிறது, வாழைமரம் இருக்கிறது, நாதஸ்வரமும் கேட்கிறது. மாமன் கண்ணில் தண்ணீர். செருப்பைக் கழற்றி உள்ளே போய்ச் சீர்த்தட்டை மேடையில் வைத்துவிட்டார்! நிமிர்ந்து பார்த்தால் பெண் வேறு, மாப்பிள்ளை வேறு. அந்தக் கல்யாணத்துக்காரர்கள் அவரை விரட்டவில்லை, அதுதான் பெங்களூர். உட்காரவைத்துக் காபி கொடுத்து, பத்திரிகையை வாங்கிப் பார்த்து, ‘பெரியவரே, இதில் லேஅவுட் பெயரே இல்லையே’ என்கிறார்கள். தங்கைக்குப் போன் போட்டால் எடுப்பாரா? மணவறையில் இருக்கிறார். கடைசியில் சமையல்காரர் எடுத்து, ‘வெஸ்ட் ஆஃப் கார்ட் ரோடு, செகண்ட் ஸ்டேஜ்’ என்கிறார். தெற்கிலிருந்து மேற்கு. போய்ச் சேரும்போது ஒன்பதரை. தாலி கட்டியாயிற்று, மாமன் செய்ய வேண்டிய சடங்கை வேறு யாரோ செய்தாயிற்று. நான்கு சொல்லை அச்சில் விட்டதற்கு ஒரு தாய்மாமன் கொடுத்த விலை அது.

ஆகவே எழுதும் முறையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கதவு எண், புதியதும் பழையதும். அடுத்து உங்கள் வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறதோ அந்தத் தெரு. மூலை வீடு என்றால் இரண்டையும் சமமாக எழுதாதீர்கள். வாசல் கிராஸில் இருந்தால் கிராஸ் முதலில், ‘இன்ன மெயின் அருகில்’ என்று பிறகு. அதன்பின் பிளாக் அல்லது ஸ்டேஜ் அல்லது ஃபேஸ், அதை ஒட்டியே லேஅவுட் பெயர். இந்த இரண்டையும் பிரித்து வேறு வேறு வரியில் போடவே கூடாது. கடைசியில் 1972 முதல் நமக்குப் பழக்கமான ஆறு இலக்கப் பின்கோடு. எண்ணோடு ஒட்டிய எழுத்தை விடாதீர்கள், 12-ஏ மெயினும் 12வது மெயினும் வேறு வேறு. கோரமங்கலாவில் 17வது ஈ மெயின் இருக்கிறது. போனில் சொல்லும்போது கவனம், கன்னடத்தில் ‘ஈ’ என்றால் ‘இந்த’. கேட்கிறவருக்கு ‘பதினேழு, இந்த மெயின்’ என்று காதில் விழும். ஏ, பி, சி, டிக்குப் பிறகு வரும் ஈ என்று சொல்லிவிடுங்கள்.

நான்காவது மரம். மல்லேஸ்வரத்தின் சம்பிகே ரோடு செண்பகம், மார்கோசா ரோடு வேம்பு. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மரத்தை இன்னொரு மாலைக்கு வைத்துக்கொள்வோம்.

ஐந்தாவதுக்கு வருகிறேன். ஊரும் கண்டோன்மென்டும் 1949இல் ஒரே மாநகராட்சி ஆயின. அதன்பின் பெயர்கள் மாறியதைவிடச் சுருங்கியதே பெரிய இழப்பு. மாற்றிய பெயருக்கு ஏடு உண்டு. சுருக்கிய பெயரை யார் விரிப்பது? எஸ்.சி. ரோடு என்கிறோம், சுபேதார் சத்திரம் ரோடு. வழிப்போக்கர் தங்கிய சத்திரம் அந்த ‘சி’க்குள் அடங்கிப்போயிற்று. ஓ.பி.எச். ரோடு, ஓல்டு புவர் ஹவுஸ் ரோடு, ஏழைகள் விடுதி இருந்த தெரு. ஓ.டி.சி. ரோடு, ஓல்டு தாலுக் கச்சேரி ரோடு, பழைய தாலுகா அலுவலகம் இருந்த தெரு. ஏ.எஸ். சார் ஸ்ட்ரீட் எந்த வாத்தியாரையும் குறிக்கவில்லை, ஆற்காடு ஸ்ரீநிவாசாச்சார் தெரு. ஃபிரேசர் டவுன் எம்.எம். ரோடு, மாதவராய முதலியார் ரோடு. ஆற்காட்டையும் முதலியாரையும் இரண்டு எழுத்தாக்கிவிட்டு, தமிழர் இந்த நகரத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் எந்தப் பலகையைக் காட்டுவீர்கள்? இது தமிழரின் வழக்கு மட்டும் அல்ல. முதலமைச்சராக இருந்த கெங்கல் ஹனுமந்தய்யாவின் பெயரும் கே.எச். ஆகி, அதுவும் மறந்து டபுள் ரோடு ஆகியிருக்கிறது. பேராசிரியர் தலையசைக்கிறார், மகிழ்ச்சி.

கடைசிச் சொல்லையும் காப்பாற்ற வேண்டும். சிவாஜிநகரில் தர்மராஜா கோயில் ஸ்ட்ரீட் இருக்கிறது. டெம்பிள் என்று மொழிபெயர்க்காமல் ‘கோயில்’ என்றே ஆங்கிலப் பலகையில் நிற்கிறது. அதை மாற்ற விடாதீர்கள். சோமேஸ்வரர் கோயில் பக்கம் அல்சூரில் கார் ஸ்ட்ரீட் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் ‘கார்’ தேரைக் குறித்தது. இன்று பிள்ளைகள் மோட்டார் கார் நிறுத்துகிற தெரு என்று நினைக்கிறார்கள். நமக்குத் தேர், கன்னடத்தில் தேரு. நமக்கு வீதி, அவர்களுக்கு பீதி. ‘தேரு பீதி’ என்று கீழே சின்ன எழுத்தில் போட்டால் இரண்டு மொழிக்காரருக்கும் ஒரே நொடியில் புரியும்.

வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதும்போது ‘பலகை சரியில்லை’ என்று மொட்டையாக எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். பலகை நிற்கும் மூலை எது, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண் என்ன, இப்போது எழுதியிருப்பது எது, எழுத வேண்டிய முழுப்பெயர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எப்படி, இந்த நான்கும் இருக்கட்டும். பகலில் எடுத்த படம் ஒன்றை இணையுங்கள். முழுப்பெயருக்குச் சான்றாக அந்தத் தெருவின் பழைய வீட்டுப் பத்திர நகல் கிடைத்தால் நல்லது, பத்திரத்தில் பெயர் சுருங்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். கன்னட எழுத்துக்கூட்டலை ஒரு கன்னட நண்பரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். அங்கே தவறினால் பலகை செய்கிறவர் தவறையே பெயிண்டில் எழுதுவார், முதல் கோணல் முற்றும் கோணல்.

வாசலருகே மேசையில் நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். இடப்பக்கம் நீங்கள் வசிக்கும் தெருவின் சுருக்கப் பெயர், வலப்பக்கம் முழுப்பெயர். தெரிந்தவர்கள் இரண்டையும் எழுதுங்கள், தெரியாதவர்கள் வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள், அஞ்சல்காரப் பெரியோர்கள் நிரப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறது. சாப்பாட்டுப் பந்தி மாடியில். வணக்கம்.