உழுதவன் கணக்கு

பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்காக நூலக வாசகர் வட்டம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, இந்தக் கூட்டத்துக்குப் பந்தலும் 200 நாற்காலியும் தம் செலவில் போட்டுக் கொடுத்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, நூலகர் அவர்களே, அடுத்து என்ன படிப்பது என்று திகைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்களைக் காட்டிலும் திகைத்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அண்ணாச்சி எனக்குப் போர்த்திய சால்வை அவருடைய கடைச் சரக்கு. விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார். தொகையை நான் வெளியே சொல்ல மாட்டேன். நல்ல சால்வை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பேரூராட்சித் தலைவர் அம்மையாருக்கு ஏழு மணிக்கு வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது. ஆனாலும் என் பேச்சு முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மையை மனத்தில் வைத்துச் சுருக்கமாகப் பேச முயல்கிறேன். முயல்கிறேன் என்றுதான் சொன்னேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வேலையும் வாழ்க்கையும்’. மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒன்று. அந்த வேலைக்கு நாளில் எத்தனை மணி நேரத்தைக் கொடுப்பது என்பது இரண்டாவது. மிச்சமிருக்கும் நேரத்துக்குள் குடும்பம், நட்பு, தூக்கம் எல்லாவற்றையும் எப்படி அடக்குவது என்பது மூன்றாவது.

முதல் செய்தியைத் தலைமையாசிரியர் விரிவாகவே பேசிவிட்டார். நர்சிங், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., பி.காம். என்று அவர் போட்ட பட்டியலில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற வாயால், மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்றும் கேளுங்கள். ‘நேர்முகத் தேர்வில் அப்படிக் கேட்டால் வேலை கிடைக்காதே, ஐயா’ என்று ஒரு தம்பி முன்வரிசையில் முணுமுணுக்கிறார். நியாயம்தான். முதலாளியிடம் கேட்க வேண்டாம். அந்த நிறுவனத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை இருக்கும். இரவு எட்டரை மணிக்கு அங்கே போய் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். யார் எப்போது வெளியே வருகிறார்கள், எந்த முகத்தோடு வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

எங்கே பேசினாலும் நான் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு. நூலகர் இப்போதே சிரிக்கிறார்; கேட்டுக் கேட்டு அலுத்தவர். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.’ ஆகவே கணக்குப் பார்க்காதே, பேசாமல் உழு என்பதற்காகவே இந்தப் பழமொழியை நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் ஆயுள் முழுக்க ஜவுளிக் கடைகளில் கணக்கு எழுதியவன். என் காதில் இது புகார் மனுவாகத்தான் விழுகிறது. உழக்கும் மிஞ்சவில்லை என்றால் மீதி எங்கே போயிற்று? அதைக் கேட்பதற்காகவாவது கணக்குப் பார்க்க வேண்டாமா?

அப்படிக் கணக்குக் கேட்டவர்கள் நம் சென்னைப் பட்டினத்தில் இருந்தார்கள். பெரம்பூர் பக்கிங்காம் - கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். கை கழுவி, வரிசையில் நின்று, வாயில் போட்டு, ஓட வேண்டும். அந்தக் குறையைச் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகளிடம் அவர்கள் சொல்லிப் புலம்பினார்கள். இரண்டு வியாபாரிகள் என்பதை அண்ணாச்சி தயவுசெய்து கவனிக்க வேண்டும். அந்த இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிய பி.பி.வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்து நின்றன. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. முதலில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாளில் வந்தது, போனது.

அதே ஆண்டு அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். பெரியவர்கள், சாதித்தவர்கள். நான் மறுத்துப் பேசப்போவதில்லை, பேரேட்டை மட்டும் திறக்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 90 வேலைக்குப் போனால் மிச்சம் 78. நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49 போகும். மிச்சம் 29. நாளுக்கு நாலு மணி நேரம் சொச்சம். அதில் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், சென்னையில் இருந்தால் தாம்பரம் மின்சார ரயிலில் போய்வர வேண்டும், அம்மாவுக்குப் போன் பேச வேண்டும். மனைவியின் முகத்தைப் பார்ப்பது இருக்கட்டும், அந்த அம்மாளின் பெயர் நினைவிருந்தாலே பெரிது.

உடம்பின் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. ‘அளவறிந்து வாழாதான் வாழ்க்கை உளபோல இல்லாகித் தோன்றாக் கெடும்’ என்றார் வள்ளுவர். செல்வத்தை மனத்தில் வைத்துப் பாடிய குறள்தான். நேரத்தைவிடப் பெரிய செல்வம் ஏது என்று கேட்டு இங்கே எடுத்துக்கொள்கிறேன். பண்டிதர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூன்றாவது செய்திக்கு, அதாவது குடும்பத்துக்கு, வருவதற்கு முன் ஒரு கதை. கதையல்ல, நடந்தது. நான் கணக்கு எழுதிய ஒரு கடையில் நடந்தது. எந்த ஊர், எந்தக் கடை என்று யாரும் கேட்கக் கூடாது.

நாலு மாடிக் கடை. இரண்டாம் மாடி பட்டுப் பிரிவு. விற்பனைப் பெண்கள் காலை ஒன்பதரைக்கு உள்ளே வந்தால் இரவு பத்தாகும் வெளியே போக. எல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள்: சாத்தான்குளம், நாசரேத், ஆலங்குளம். மாடி முழுக்க ஒரு முக்காலிகூடக் கிடையாது. சுவரில் சாய்ந்தால் கேமராவில் தெரியும்; சூப்பர்வைசர் வருவார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்கத்தான் வேண்டும். ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பதுதான் ஓய்வு.

ஒரு ஆவணி மாதம், முகூர்த்த நேரம். வேன் நிறைய ஆட்களோடு ஓர் ஆச்சி வந்தார். பேத்தி கல்யாணம். பாம்படம் ஆடுகிற காது, கையில் மஞ்சள் பை, பைக்குள் பணம். ராஜ மரியாதையோடு நாற்காலி போட்டார்கள், குளிர்பானம் வந்தது. ஒரு பெண் புடவைகளை எடுத்து விரிக்கத் தொடங்கினாள். பத்து விரித்தாள், இருபது விரித்தாள். ஆச்சி எதையும் தொடவில்லை. திடீரென்று, ‘ஏ பிள்ளை, உனக்குக் கால் வலிக்குதா?’ என்றார். ‘இல்லை ஆச்சி’ என்றாள். ‘பொய் சொல்லாதே, நின்று நின்று காலை மாற்றுகிறாய். இப்படி உட்கார்’ என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார். அந்தப் பெண் பயந்து சூப்பர்வைசரைப் பார்த்தாள். சூப்பர்வைசர் கேமராவைப் பார்த்தார்.

‘ஆச்சி, கடையில் அப்படி வழக்கமில்லை’ என்றார் சூப்பர்வைசர். ‘யார் வழக்கம்? அவள் உட்காராமல் நான் புடவை பார்க்க மாட்டேன்’ என்று ஆச்சி மஞ்சள் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். வேனில் வந்த பெண்கள் எல்லோரும் பார்த்த புடவைகளைக் கீழே வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறு வந்திருக்கிறார்கள். முதல் மாடியிலிருந்து ஆட்கள் வேடிக்கை பார்க்க ஏறி வந்தார்கள். பில் போடுகிற நான்கூட எழுந்து நின்று பார்த்தேன். நான் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள், அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் முதலாளியே வந்தார். ஆச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். ‘தம்பி, நீ இன்னார் மகன்தானே? உங்கள் ஐயா கடை எனக்குத் தெரியும். ஒற்றை அறை. மெத்தை போட்டு வெள்ளை விரித்திருப்பார். அவரும் சம்மணம் போட்டு உட்காருவார், கடைப்பிள்ளையும் உட்காருவான், வாங்க வந்த நாங்களும் உட்காருவோம். என் கல்யாணப் புடவையை உட்கார்ந்துதான் விரித்தார். நீ மாடி மேல் மாடி கட்டியதும் கடைப்பிள்ளைக்கு உட்கார இடமில்லாமல் போயிற்றா?’

மாடி முழுக்கச் சிரிப்பு. முதலாளியும் சிரித்தார், வேறு என்ன செய்வார்? ‘உட்காரம்மா’ என்றார். அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே இரண்டு மணி நேரம் விரித்தாள். அன்றைக்கு அந்த மாடியில் பெரிய பில் அதுதான். என் கையால் போட்டேன். மறுநாள் காலை அந்த நாற்காலி பழைய இடத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆச்சி சொன்னது முழு உண்மை. பழைய ஜவுளிக் கடைகளைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கண்ணாடி மேசை வந்தது, கடைப்பிள்ளை எழுந்து நின்றான். இன்றுவரை நிற்கிறான்.

காலில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அந்தத் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை ஏற்றும். அசையாமல் நின்றால் ரத்தம் அங்கேயே தேங்கும். நாளடைவில் ரத்தக் குழாய் வீங்கிச் சுருண்டு, நீலம் பாரித்துத் தெரியும். ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று நாம் சொல்வது அதைத்தான். இருபத்தைந்து வயதுப் பெண்களின் காலில் பார்த்திருக்கிறேன். பக்கத்து மாநிலத்தில் உட்காரும் உரிமைக்காகவே பெண்கள் போராடினார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல்காரரான விஜி என்ற அம்மையார் கடைப் பெண்களைத் திரட்டினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. கடைக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சட்டம் வந்துவிட்டது, முக்காலி வந்ததா? நம் கடைத்தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை. எங்கே வந்திருக்கிறது, எங்கே வரவில்லை என்று உங்களுக்கே தெரியும். பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த நான் வரவில்லை. சில கடைகளில் முக்காலி இருக்கிறது, அதன் மேல் அட்டைப் பெட்டி இருக்கிறது.

மூன்றாவது செய்தியைக் கேட்பீர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அலுவலகப் போனை எடுக்காமல் இருக்கப் பிரான்சில் 2017-இலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024-இலிருந்தும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதைப் பற்றியும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சமையல் யாருடையது என்பதைப் பற்றியும் குறிப்பு எழுதிக்கொண்டுதான் வந்தேன். அம்மையார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அது இன்னொரு நாளைக்கு. ஒன்று மட்டும்: பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் பிள்ளையோடு விளையாடு, கணவனோடு பேசு என்று புத்தி சொல்வதற்கு எனக்கு வாய் வராது. அவள் முதலில் தேடுவது வெந்நீர் வாளியை.

இப்போது அண்ணாச்சி அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். இந்த ஒரு மாலைப் பொழுதுக்கு 200 நாற்காலி போட்டிருக்கிறீர்கள். சங்கத்து உறுப்பினர் கடைகளுக்கு மாடிக்கு நாலு முக்காலி என்று ஒரு தீர்மானம் போட எவ்வளவு நேரமாகும்? செலவைக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். கணக்குப் போட்டுக் கொடுக்க நான் இருக்கிறேன், கூலி வேண்டாம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. முதலாளி கணக்குப் பார்த்தால் முக்காலிக்கு மிஞ்சாமலா போகும்?

மாணவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். நாளைக்கு நீங்கள் பொறியாளராகலாம், செவிலியராகலாம், கடையில் நிற்கவும் நேரலாம். எதுவானாலும் உங்கள் வீட்டில் கடைக்குப் போகிற அக்காவோ அத்தையோ இருப்பார். இன்று இரவு அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டு வந்து நூலகரிடம் கொடுங்கள்: எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார், இடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு என்று 1947 சட்டம் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டுவோம். கடைப் பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம்.

வாசலில், டீ வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில், கடைகளில் இருக்கை கேட்டு ஒரு மனு இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறது. கடையில் வேலை செய்பவர்கள் கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்த மாட்டேன், வீட்டிலுள்ளவர்கள் போடலாம். வாடிக்கையாளர்கள் கட்டாயம் போட வேண்டும். முதல் கையெழுத்து அண்ணாச்சியுடையது என்று நானாகவே முடிவு செய்து, பேனாவை அவருடைய சட்டைப் பையில் செருகிவிட்டேன். அடுத்துப் பேச வருபவரும் அவர்தான். நன்றி, வணக்கம்.