கோங் விழும் இடம்

வணக்கம். தாளவாத்தியம் படித்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். வாசிக்கச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம், பேச்சு அவ்வளவாக வராது. நல்லவேளையாக ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. தேவைப்பட்டால் தட்டிக்கொள்கிறேன்.

பினாங்கில் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் இசை படிக்கச் சேர்ந்தபோது என் கையில் ஒன்பது வருட மிருதங்கம் இருந்தது. அதற்கேற்ற திமிரும் இருந்தது. முதல் தவணையில் கமெலான், இந்தோனேசிய, மலாய் உலோக வாத்தியக் குழு. எனக்குக் கிடைத்தது பெரிய கோங், தொங்கவிட்ட உலோகத் தட்டு. 16 அடிக்கு ஒரு தடவை தட்டினால் போதும். தனி ஆவர்த்தனத்தில் கணக்குப் போட்டுக் கோர்வை வைக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். சுற்று தொடங்கியதும் சமத்தில், அதாவது முதல் அடியில், ஓங்கிப் போட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

நமக்குக் கனம் முதல் அடியில். எங்கே சுற்றினாலும் அந்த ஒன்றுக்கு வந்து இறங்குவோம். கமெலானில் கனம் கடைசி அடியில். கோங் விழுந்தால் சுற்று முடிந்தது என்று அர்த்தம். நான் கதவைத் திறக்க அடித்தேன், அவர்கள் காதில் அது கதவைச் சாத்தும் சத்தம். எண்ணிக்கை அதே 16தான். ஆனால் உடம்பு அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு தவணை முழுக்கப் பிடித்தது.

கொம்பாங் என்ற மலாய்க் கைப்பறை இன்னும் சிரமம். மலாய்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை வரும்போது கேட்டிருப்பீர்கள். ஆட்டுத்தோல் கட்டிய சட்டம், தோல் தளர்ந்தால் உள்ளே பிரம்பு செருகி இறுக்குவார்கள். ஒருவர் வாசிப்பதைத் தனியாகக் கேட்டால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அவர் விடும் இடத்தில் பக்கத்து ஆள் அடிப்பார். சேர்த்துக் கேட்டால் ஒரே ஆள் படுவேகமாக வாசிப்பது போலத் தோன்றும். மிருதங்கக்காரனுக்கு ஓட்டையைக் கண்டால் கை அரிக்குமே! நான் நிரப்பிக்கொண்டே போனேன். கெடாவிலிருந்து வந்த நண்பன் ஒருநாள் "சபார், சபார்", பொறு பொறு, என்று என் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டான்.

மேற்கத்திய ஸ்நேர் டிரம்மில் நொண்டியது இடது கை. வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இதைப் பாராடிடில் என்பார்கள். இரண்டு குச்சியும் ஒரே எடையில் விழ வேண்டும். மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பிக்கு ஒரு கை, வலப்பக்க வலந்தலைக்கு ஒரு கை, இரண்டுக்கும் தொழில் வேறு. ஐந்து கோட்டில் எழுதிய மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பதிலும் நான்தான் கடைசி. ஆனால் ஏழு எண்ணிக்கையில் ஒரு பாடம் வந்தது. மற்றவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, நான் வாய்க்குள் 'தகிட தகதிமி' சொல்லி வாசித்து முடித்தேன். இரண்டு வாரத்தில் வகுப்பு முழுக்கத் தகிட தகதிமி. ஹொக்கியன் சீனம் பேசும் தோழி சொல்லும்போது அதில் ஒரு ராகம் வேறு சேர்ந்துகொள்ளும்.

ஒலியியல் பாடத்தில்தான் என் வாத்தியத்தைப் பற்றி எனக்கே தெரியாதது தெரிய வந்தது. வெறும் தோலை அடித்தால் மூல ஒலிக்கு மேலே எழும் துணை ஒலிகள், அதாவது மேலொலிகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அதனால் சுருதி தெளிவாக நிற்காது. வலந்தலை நடுவில் கறுப்பாக இருக்கிறதே, அந்தச் சோறு தோலுக்குக் கொடுக்கும் எடைதான் மேலொலிகளை வரிசைப்படுத்துகிறது. சர் சி.வி. ராமன் 1920இலேயே இதைப் பற்றி எழுதினார், 1934இல் விரிவாக எழுதினார். நடுவில் 1930இல் நோபல் பரிசு, அது வேறு விஷயத்துக்கு. எங்கள் குருவோ, "சோத்துல கைய வைக்காத" என்பதோடு பாடத்தை முடித்துவிட்டார்.

அப்புறம் மூன்றாம் ஆண்டில் ஒரு வேலை கொடுத்தார்கள்: உன் சமூகத்தின் தாளவாத்தியக் குழு ஒன்றை ஒலிப்பதிவு செய்து, கேட்டு, தாளில் எழுதிக் கொண்டுவா. சீன நண்பன் 24 பருவ முரசை எடுத்தான். 1988இல் ஜொகூர் பாருவில் பிறந்த கலை. ஆண்டின் 24 பருவங்களின் பெயர்களை முரசுகளில் எழுதியிருப்பார்கள். நான் ஒரு மிருதங்கக் கச்சேரியை எழுதுகிறேன் என்றேன். விரிவுரையாளர், "தைப்பூசத்தில் ரோட்டில் வாசிப்பவர்கள் யார்?" என்று கேட்டார். உருமி மேளம் என்றேன். அதைப் பற்றி என்ன தெரியும் என்றார். ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் போய் நிற்காதே என்று வளர்க்கப்பட்டவன் நான். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும்போதுகூட அந்தச் சத்தத்தைக் கடந்துதான் போயிருக்கிறேன், நின்று கேட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு குழு, அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி செய்யும். தலைவர் பிறை பட்டணத்தில் தொழிற்சாலை வேலை முடித்து, சீருடையோடு வருவார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, "அண்ணே, இது எத்தனை அட்சரம்?" என்றேன்.

"அதெல்லாம் எண்ண மாட்டோம் தம்பி. காவடி தூக்குறவரு கால பாத்து அடிப்போம்."

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. தாளில் எழுதப் போனால்தான் தெரியும். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்த முனகல் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். ஐந்து கோட்டில் அதை எந்தக் கோட்டில் உட்கார வைப்பது? கடைசியில் பாம்பு மாதிரி ஒரு வளைகோடு போட்டேன். வேகமும் நிற்கவில்லை. காவடி அசையும்போது கூடும், ஆள் களைத்தால் இறங்கும். நான்கு நிமிட ஒலிப்பதிவை எழுத மூன்று வாரம் ஆயிற்று. தொப்பியில் விரலால் சுருதி வளைப்பதைப் பெரிய வித்தையாக நினைத்திருந்தவன், அந்த மூன்று வாரமும் வாய் திறக்கவில்லை.

எழுதியதைத் தலைவரிடம் கொண்டுபோய், அவர் முன்னாலேயே தட்டிக் காட்டினேன். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க அவரு நின்னாரு தம்பி. தண்ணி குடிச்சாரு. நாங்களும் நிறுத்துனோம். நீங்க நிறுத்தல."

ஒலிப்பதிவில் அந்த அமைதியை வெறும் இடைவெளி என்று நினைத்து நான் வெட்டி எறிந்திருந்தேன். திரும்பப் போய்ச் சேர்த்தேன். எத்தனை அடி என்று எண்ணாமல், காலியாக ஒரு கட்டம், மேலே 'தண்ணீர்' என்று எழுதினேன். விரிவுரையாளர் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டத்தை நான் நிரப்பவில்லை.

வணக்கம்.